ரேசரில் முகம் பதித்த 'கிங்' ஜில்லெட்: போட்டியே கூடாது என்று எழுதியவர் உலகின் பெரிய பிளேடு கம்பெனியைத் தொடங்கியது எப்படி?

ஜில்லெட் என்பது ஒரு கம்பெனியின் பெயர்னுதான் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனா அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். முழுப்பெயர் கிங் கேம்ப் ஜில்லெட். கிங் என்பது பட்டமோ செல்லப்பெயரோ இல்லை. பெற்றோர் வைத்த பெயரே அதுதான்.

பிளேடைக் கண்டுபிடித்துக் கோடீஸ்வரர் ஆனவர் என்று ஒரே வரியில் இவர் கதையை முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரிக்குள் அடங்காத விஷயங்கள் நிறைய இருக்கு. தொழில் போட்டிதான் உலகின் எல்லாத் துன்பங்களுக்கும் வேர் என்று புத்தகம் எழுதியவர் இவர். எழுதிய அடுத்த ஆண்டே, கடுமையான போட்டி நிறைந்த ஒரு தொழிலுக்கான யோசனை இவருக்கு வந்தது. கடைசியில் அந்தக் கம்பெனியே இவர் கையை விட்டுப் போனது.

யார் இந்த ஜில்லெட்? வாங்க, பார்க்கலாம்.

தீயில் போன குடும்பத் தொழில்

1855 ஜனவரி 5ஆம் தேதி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் உள்ள ஃபாண்ட் டு லாக் என்ற ஊரில் பிறந்தார் ஜில்லெட். பிறகு குடும்பம் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. 1871 அக்டோபரில் சிகாகோ நகரத்தின் பெரும்பகுதியை எரித்த அந்தப் பெருந்தீ, இவர்களது தொழிலையும் விட்டுவைக்கவில்லை. ஜில்லெட்டுக்கு அப்போ வயசு 16.

படிப்பைத் தொடர வழியில்லை. சேல்ஸ்மேன் ஆனார். ஊர் ஊராக ரயிலில் போய், கடை கடையாக ஏறி இறங்கி, சரக்கை விற்கும் வேலை. அடுத்த கால் நூற்றாண்டு இதுதான் அவர் வாழ்க்கை.

இவர் வீட்டில் எல்லோருக்குமே ஏதாவது ஒன்றைக் குடைந்துகொண்டிருக்கும் பழக்கம் உண்டு. அப்பாவும் அண்ணன்களும் புதுப்புது கருவிகளைச் செய்து பார்ப்பவர்கள். அம்மா ஃபேன்னி லெமைரா ஜில்லெட், 1887இல் வெளியான வெள்ளை மாளிகைச் சமையல் புத்தகத்தை எழுதியவர். பல பத்தாண்டுகள் அமெரிக்க வீடுகளில் அந்தப் புத்தகம் புழக்கத்தில் இருந்தது. சொல்லப்போனா, அந்தக் குடும்பத்தில் முதலில் பிரபலமானது மகன் இல்லை, அம்மாதான்.

ஜில்லெட்டும் சின்னச் சின்ன கருவிகளுக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனா எதிலும் பெரிசா காசு வரவில்லை.

சோடா மூடி சொல்லித்தந்த பாடம்

1890களில் பால்டிமோர் நகரத்தின் கிரவுன் கார்க் அண்ட் சீல் கம்பெனியில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்தார். அதன் உரிமையாளர் வில்லியம் பெயின்டர். சோடா, கூல்டிரிங்க்ஸ் பாட்டில்களில் இன்றைக்கும் நாம் பார்க்கிறோமே, ஓரம் முழுக்க மடிப்பு மடிப்பாக இருக்கும் தகர மூடி, அதைக் கண்டுபிடித்தவர் இவர்தான். 1892இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது.

அந்த மூடியில் உள்ள சூட்சுமம் என்னன்னா, ஒருமுறை திறந்தா அதன் வேலை முடிஞ்சது. அடுத்த பாட்டிலுக்கு அடுத்த மூடி வேணும். பெயின்டர் இதைத்தான் ஜில்லெட்டுக்கு எடுத்துச் சொன்னார். ஒருமுறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடும் பொருளாகப் பார்த்துக் கண்டுபிடி, வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார் என்பது அவர் அறிவுரை.

ஜில்லெட்டுக்கு இது தலைக்குள் வண்டாகக் குடைய ஆரம்பித்தது. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு, மனிதன் பயன்படுத்தும் பொருட்களை எழுத்து வரிசைப்படி ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாராம்.

நடுவில் ஒரு கற்பனை நகரம்

இதே காலத்தில்தான் அவர் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தார். 1894இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் தி ஹியூமன் டிரிஃப்ட்.

கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதால் உழைப்பும் பொருளும் வீணாகின்றன, வறுமையும் குற்றமும் அதிலிருந்துதான் பிறக்கின்றன என்பது அதில் அவர் வைத்த வாதம். தீர்வு? நாட்டின் மொத்த உற்பத்தியையும் ஒரே ஒரு கம்பெனி செய்யணும். அதன் பங்குகள் மக்கள் எல்லோரிடமும் இருக்கணும்.

அதோடு நிற்கவில்லை. நயாகரா அருவிக்குப் பக்கத்தில் மெட்ரோபோலிஸ் என்று ஒரு மாநகரம். அருவியிலிருந்து மின்சாரம். வரிசை வரிசையாகப் பிரம்மாண்டமான அடுக்குமாடிக் கட்டடங்கள். அதில் 6 கோடி மக்கள். அப்போதைய அமெரிக்க மக்கள்தொகையே கிட்டத்தட்ட 6.3 கோடிதான் என்பதைக் கவனிக்கணும். அதாவது, ஏறக்குறைய நாட்டையே ஒரே ஊரில் குடிவைக்கும் திட்டம்!

படிக்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனா அவர் விளையாட்டாக எழுதவில்லை. கடைசி வரை இந்த எண்ணத்தை அவர் கைவிடவும் இல்லை.

1895: மழுங்கிப்போன கத்தி

இப்போ ரேசருக்கு வருவோம்.

அன்றைக்கு ஆண்கள் சவரம் செய்ய என்ன வழி இருந்தது? மடக்கும் சவரக் கத்தி. நல்ல கத்தி பல வருஷம் உழைக்கும். ஆனா தினமும் தோல் வாரில் தீட்டணும். அவ்வப்போது சாணை பிடிக்கணும். கை கொஞ்சம் தவறினா ரத்தம்தான். அதனால் பலரும் சலூனுக்குத்தான் போனார்கள், அதுவும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை.

பாதுகாப்பான ரேசர் என்ற கருவியை ஜில்லெட்தான் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுகிறார்கள். அது சரியில்லை. நியூயார்க்கின் கேம்ஃப் சகோதரர்கள் 1880லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்கள். ஸ்டார் என்ற பெயரில் அது கடைகளிலும் விற்றது. தோலை வெட்டாமல் தடுக்கும் காப்பு அதில் இருந்தது. ஆனா உள்ளே இருந்தது அதே பழைய கத்தியின் சின்ன வடிவம்தான். தடித்த எஃகு. அதையும் கழற்றித் தீட்டித்தான் ஆகணும்.

1895இல் ஒரு நாள் காலை, பாஸ்டனை ஒட்டிய புரூக்ளைனில் இருந்த தன் வீட்டில் சவரம் செய்யப் போனார் ஜில்லெட். கத்தி மழுங்கியிருந்தது. தோல் வாரில் தீட்டிச் சரிசெய்யும் நிலையைத் தாண்டிப் போயிருந்தது. சாணைக்குத்தான் கொடுக்கணும்.

கையில் அதைப் பிடித்தபடி நின்றபோதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மயிரை வெட்டுவது கத்தியின் விளிம்பு மட்டும்தானே? அந்த மெல்லிய விளிம்புக்காக எதுக்கு இவ்வளவு எஃகைச் சுமக்கணும்? தகடு போல மெலிசான எஃகில் இரண்டு பக்கமும் கூர் வைத்து, ஒரு பிடிக்குள் மாட்டினா? மழுங்கியதும் தீட்டாமல் தூக்கிப் போட்டுவிட்டா?

பெயின்டர் சொன்ன சோடா மூடி, சவரத்துக்கு வந்துவிட்டது.

அன்றே இரும்புக் கடைக்குப் போய் எஃகு நாடா, பித்தளைத் துண்டு, அரம், பட்டறைப் பிடிப்பான் எல்லாம் வாங்கி வந்து மாதிரி செய்ய ஆரம்பித்தார். வெளியூர் போயிருந்த மனைவிக்கு, நம் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்ற பொருளில் கடிதமும் எழுதிவிட்டார். ஆனா கஷ்டம் தீர இன்னும் 8 வருஷம் ஆனது.

மெலிசான எஃகு ஏன் பெரிய தலைவலி?

விஷயம் இங்கேதான் சுவாரசியமாகுது.

கத்தியில் கூர் நிற்கணும்னா எஃகுக்குப் பதம் ஏற்றணும். அதாவது, நன்றாகச் சூடாக்கிச் சட்டென்று குளிர வைக்கணும். தடித்த எஃகுக்கு இது பிரச்சினை இல்லை. ஆனா காகிதம் போன்ற தகடை இப்படிச் செய்தா அது நெளிந்து, முறுக்கிக்கொள்ளும். நெளிந்த தகட்டில் நேரான கூர் எப்படி வரும்? பதம் ஏற்றாம விட்டா கூரே நிற்காது.

ஜில்லெட் நினைத்த பிளேடின் தடிமன் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 6 பங்கு. சுமார் 0.15 மில்லிமீட்டர். அதுவும் சில சென்ட் காசுக்கு, லட்சக்கணக்கில் செய்யணும்.

கத்தி செய்பவர்கள், பட்டறைக்காரர்கள், பாஸ்டனில் இருந்த எம்.ஐ.டி. நிபுணர்கள் என்று பார்த்த எல்லோரிடமும் கேட்டார். நடக்காத காரியம், விட்டுவிடுங்கள் என்பதுதான் பதில். தனக்குத் தொழில்நுட்பப் படிப்பு இருந்திருந்தா நானும் அப்போதே விட்டிருப்பேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நண்பர்களுக்கு இது கேலிப் பேச்சானது.

இப்படியே 6 வருஷம் ஓடியது. வயிற்றுப்பாட்டுக்கு அதே மூடிக் கம்பெனி வேலைதான்.

பெயர் வெளியே தெரியாத நிக்கர்சன்

1901இல் வில்லியம் நிக்கர்சன் வந்தார். எந்தக் கல்லூரியின் நிபுணர்கள் முடியாது என்று சொன்னார்களோ, அதே எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர். முதலில் அவரும் தயங்கினார். சில வாரங்கள் யோசித்த பிறகு, முடியும் என்றார்.

தகடு நெளியாமல் பதம் ஏற்றும் முறையையும், பிளேடுகளுக்குக் கூர் வைக்கும் இயந்திரங்களையும் உருவாக்கியவர் நிக்கர்சன். யோசனை ஜில்லெட்டுடையது, அதைக் கையில் பிடிக்கும் பொருளாக மாற்றியது நிக்கர்சன் என்று சொல்வதுதான் நியாயம். ஆனா பெயர் என்னவோ ஒருவருக்குத்தான் கிடைத்தது. ஆங்கிலத்தில் நிக் என்றால் சின்ன வெட்டுக்காயம். சவரக் கருவிக்கு நிக்கர்சன் என்று பெயர் வைத்தால் யார் வாங்குவார்கள் என்று ஒரு கதையும் சொல்வார்கள்.

அந்த ரேசரின் அமைப்பு எவ்வளவு எளிமை என்று பாருங்க. மேலே வளைந்த ஒரு மூடி. கீழே சீப்புப் பல் போன்ற ஓரம் கொண்ட ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவில் பிளேடு. அடியில் திருகும் கைப்பிடி. மொத்தம் மூன்றே பாகம். பிளேடில் மூன்று வட்டத் துளைகள்.

கைப்பிடியைத் திருகினா மூடி கீழே இறங்கி பிளேடை வளைக்கும். இதில்தான் இருக்கு நுட்பம். ஒரு காகிதத்தை ஓரத்தில் பிடித்துத் தூக்கினா தொங்கிவிடும். அதையே கொஞ்சம் வளைத்துப் பிடித்தா விறைப்பாக நிற்கும். மெலிசான பிளேடுக்கும் அதே விறைப்பு வளைவிலிருந்துதான் கிடைக்குது. தடித்த எஃகு இல்லாமலே தடித்த எஃகின் உறுதி. பிளேடு மாற்ற எந்தக் கருவியும் வேண்டாம். திருகு, எடு, போடு, திருகு. அவ்வளவுதான்.

51 ரேசரில் தொடங்கிய விற்பனை

1901 செப்டம்பரில் அமெரிக்கன் சேஃப்டி ரேசர் கம்பெனி தொடங்கியது. அடுத்த ஆண்டே பெயர் ஜில்லெட் சேஃப்டி ரேசர் கம்பெனி என்று மாறியது. பாஸ்டன் துறைமுகப் பகுதியில் ஒரு மீன் கடைக்கு மேலே பட்டறை. கையிருப்பு கரைந்து கம்பெனி கடனில் மூழ்கும் நிலை வந்தபோது, ஜான் ஜாய்ஸ் என்ற பாஸ்டன் பணக்காரர் முதலீடு செய்தார். கம்பெனியைக் காப்பாற்றிய அதே பணம்தான், பிற்பாடு ஜில்லெட்டின் பிடியைத் தளர்த்தவும் செய்தது.

1903இல் விற்பனை ஆரம்பம். அந்த ஆண்டு முழுக்க விற்றது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டு? 90,000க்கும் மேல் ரேசர்கள்!

1904 நவம்பர் 15ஆம் தேதி காப்புரிமையும் கிடைத்தது. எண் 7,75,134.

வேடிக்கை என்னன்னா, கம்பெனி தட்டுத் தடுமாறி எழுந்த நேரத்தில் ஜில்லெட்டே அங்கே இல்லை. சம்பளத்துக்காக மூடிக் கம்பெனியின் வேலையாக லண்டனுக்குப் போய்விட்டார். ரேசர் விற்க ஆரம்பித்த பிறகுதான் திரும்பி வந்தார்.

பிளேடு சுற்றிய காகிதத்தில் அவர் படமும் கையெழுத்தும் அச்சானது. அடர்த்தியான மீசை வைத்த அந்த முகம் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் போனது. உலகத்தில் எங்கே போனாலும் ஜனங்கள் அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். ஆண்களின் மீசை தாடியை எடுக்க வைத்து சம்பாதித்தவர், தன் மீசையை மட்டும் எடுக்கவே இல்லை!

ரேசரை மலிவாகக் கொடுத்தாரா?

மேனேஜ்மென்ட் படித்தவர்கள் இந்தக் கதையைக் கேட்டிருப்பீங்க. ரேசரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி. பிரின்டரை மலிவாக விற்று இங்க்கில் காசு பார்ப்பதற்கெல்லாம் ஜில்லெட்தான் குரு என்பார்கள்.

ஆனா அன்றைய விலையைப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு. ஆரம்பத்தில் ஜில்லெட் ரேசர் செட் விலை 5 டாலர். சாதாரணத் தொழிலாளியின் அரை வாரச் சம்பளத்துக்கு நெருக்கமான தொகை அது. காப்புரிமை இருந்த காலம் முழுக்க கம்பெனி இந்த விலையை விட்டுக்கொடுக்கவில்லை. 1921இல் காப்புரிமை முடியப்போகும் நேரத்தில்தான், பழைய வகை ரேசரின் விலையை 1 டாலராகக் குறைத்தது. புது மாடலை 5 டாலருக்கு விற்றது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சட்டப் பேராசிரியர் ராண்டல் பிக்கர் 2010இல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். யாரும் நகலெடுக்க முடியாத காலத்தில் ரேசரை விலை ஏற்றி விற்றார்கள், யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற நிலை வந்ததும்தான் விலையைக் குறைத்தார்கள் என்பது அவர் காட்டிய விஷயம்.

போட்டியை வெறுத்தவரின் கம்பெனி, போட்டி இல்லாதபோது எப்படி நடந்துகொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

போர் முனையில் பிளேடு

முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917இல் இறங்கியது. விஷவாயுவைத் தடுக்கும் முகமூடி சரியாகப் பொருந்தணும்னா முகம் மழமழவென்று இருக்கணும். அமெரிக்க அரசு வீரர்களுக்காக வாங்கியது 35 லட்சம் ரேசர், 3 கோடிக்கும் மேல் பிளேடு. ஒரு தலைமுறை இளைஞர்கள் தினமும் தானே சவரம் செய்யக் கற்றுக்கொண்டார்கள். போர் முடிந்து வீடு திரும்பியபோது அந்தப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். பிளேடுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேற எதுவும் இல்லை.

சரி, மழுங்கிய பிளேடை எங்கே போடுவது? அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்புறம் ஒரு சின்னக் கீறல் துவாரம் வைத்தார்கள். அதில் போட்டா பிளேடு சுவருக்குள் விழும். அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை, அங்கேயே கிடக்கும். இன்றைக்கும் பழைய வீடுகளை இடிக்கும்போது சுவருக்குள்ளிருந்து துருப்பிடித்த பிளேடுகள் குவியலாகக் கொட்டுகின்றன. தூக்கிப்போடும் பொருள் எங்கே போய்ச் சேரும் என்று பெயின்டரும் யோசிக்கவில்லை, ஜில்லெட்டும் யோசிக்கவில்லை.

பணம் வந்தது, கம்பெனி போனது

ஜாய்ஸுடன் அதிகாரப் போட்டி முற்றியது. 1910இல் தன் பங்குகளில் பெரும்பகுதியை அவரிடம் விற்றுவிட்டார் ஜில்லெட். தலைவர் பதவி மட்டும் பெயரளவில் இருந்தது. காகிதத்தில் முகம், கையில் அதிகாரம் இல்லை.

பணத்தை வைத்து என்ன செய்தார்? பழைய கனவைத் தூசி தட்டினார். அதே 1910இல் உலகத்துக்கே ஒரே கம்பெனி என்ற திட்டத்தோடு வேர்ல்டு கார்ப்பரேஷன் என்ற புத்தகத்தை வெளியிட்டார். அதற்குத் தலைவராக வரும்படி முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டை அழைத்தார். 10 லட்சம் டாலர் தருவதாகவும் சொன்னார். ரூஸ்வெல்ட் மறுத்துவிட்டார். 1924இல் மீண்டும் ஒரு புத்தகம். இந்தமுறை எழுத்தாளர் அப்டன் சின்க்ளேர் அதைச் செம்மை செய்ய உதவினார். பிளேடை வாங்கிய கோடிக்கணக்கான மக்கள் இந்தப் புத்தகங்களை வாங்கவில்லை.

1920களின் முடிவில் கம்பெனிக்கே நெருக்கடி. ஹென்றி கெய்ஸ்மன் என்பவரின் ஆட்டோஸ்ட்ராப் கம்பெனி, புது வடிவத் துளை கொண்ட பிளேடுக்குக் காப்புரிமை வைத்திருந்தது. ஜில்லெட் கம்பெனி இறக்கிய புது பிளேடு அதை மீறுகிறது என்று வழக்கு வந்தது. 1930இல் இரண்டு கம்பெனிகளும் இணைவது என்று முடிவானது. கணக்கைப் புரட்டிப் பார்த்தபோது, ஜில்லெட் கம்பெனி பல ஆண்டுகளாக லாபத்தைக் கூட்டிக் காட்டியிருந்தது அம்பலமானது. கட்டுப்பாடு கெய்ஸ்மன் பக்கம் போனது. 1931இல் ஜில்லெட் தலைவர் பதவியிலிருந்தும் விலகினார்.

ஒரு துணுக்குத் தகவல்: அந்தச் சண்டைக்குப் பிறகுதான் மூன்று வட்டத் துளைகளுக்குப் பதிலாக நடுவில் நீளமான துளை உள்ள பிளேடு பரவலானது. நம்ம ஊர் சலூன்களில் இரண்டாக உடைத்துக் கத்தியில் மாட்டும் பிளேடில் இன்றைக்கும் அதே நீளத் துளை இருக்கும்.

கடைசி நாட்கள்

இதற்குள் கலிஃபோர்னியாவில் குடியேறியிருந்தார் ஜில்லெட். கலபசாஸ் பகுதியில் பெரும் நிலம் வாங்கி, 1920களின் கடைசியில் கட்டடக் கலைஞர் வாலஸ் நெஃப்பின் வடிவமைப்பில் பெரிய பண்ணை மாளிகை கட்டினார். 1929இல் பங்குச் சந்தை சரிந்தது. கையிலிருந்த பங்குகளின் மதிப்பு கரைந்தது. நிலத்தில் போட்ட பணமும் மாட்டிக்கொண்டது.

1932 ஜூலை 9ஆம் தேதி, 77ஆம் வயதில் ஜில்லெட் இறந்தார். அப்போது அவர் சொத்தில் பெரும்பகுதி மிச்சமில்லை.

கம்பெனி மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 2005இல் புராக்டர் அண்ட் கேம்பிள் அதைச் சுமார் 5,700 கோடி டாலருக்கு வாங்கியது.

அந்தப் பண்ணை மாளிகை பிறகு சினிமா இயக்குநர் கிளாரன்ஸ் பிரவுன் கைக்குப் போனது. அப்புறமும் பல கை மாறியது. இப்போ அது கிங் ஜில்லெட் ரான்ச் என்ற பெயரில் பொதுமக்கள் நடைப்பயிற்சி போகும் பூங்கா. தனியார் யாருக்கும் சொந்தமில்லை.